மடியில முடிஞ்ச மல்லாட்டை

மல்லாட்ட, அதான் வேர்க்கடல, அத வெதைக்க இப்பல்லாம் மிஷினு வந்துட்சி. டிராக்டர் பின்னாடி மாட்டிவுட்டா அது பாட்டுக்கு போட்டுக்கினே போவுது. நல்லதுதான். அந்தக் காலம் மாதிரி வருமான்னு கேக்கறவங்க ஒரு நாளும் ஏரு பின்னாடி வெயில்ல நடந்தவங்களா இருக்க மாட்டாங்க. எனக்கு அந்த மிஷினுல ரொம்பப் புடிச்சது இன்னா தெரியுமா, அதுக்கு வாயி இல்ல. வெதயத் துன்னாது.

நாங்க துன்னுவோம். ஏரு முன்னாடி போவும், பின்னாடி சால்ல ஒவ்வொரு பருப்பா போட்டுக்கினு நாங்க போவணும். அதுக்குப் பசங்கதான் லாயக்கு, ரொம்பக் குனிய வேணாம் பாரு, ஆளே அர ஒயரம்தான. ஆனா பசங்க கையில மல்லாட்டக் கூடயக் குடுத்தா இன்னா ஆவும்? சால்ல ஒண்ணு, வாயில ஒண்ணு. சாயங்காலம் பாத்தா பாதிக் கொல்லைக்கு வெத பத்தாது. அதுக்காவ எங்க பக்கம் ஒரு வழக்கம். வெதய சாணித்தண்ணில பொரட்டி, சாம்பல்ல உருட்டி, மேல கொஞ்சம் வேப்பெண்ணெயத் தெளிச்சி குடுப்பாங்க. பூச்சி வராம இருக்கன்னு பேரு. நெசத்துல அது எங்களுக்குத்தான். நாங்க மட்டும் லேசுப்பட்டவங்களா? பாவாடைல நல்லாத் தேச்சிட்டு வாயில போட்டுக்குவோம். கசக்கும்தான். கசந்தாலும் மல்லாட்ட ஆச்சே. பசங்க எப்பிடியும் துன்னுவாங்கன்னு ஊருக்கே தெரியும். இத ஞாபகத்துல வெச்சிக்குங்க.

எங்க ஊரு திண்டிவனத்துலேந்து ஓமந்தூரு போற ரோட்டுல கொஞ்சம் உள்ள தள்ளி. எனக்கு அப்ப எட்டு வயசு. ஒம்போதா கூட இருக்கும், யாரு எழுதி வெச்சா. எங்கப்பா கூடப் பொறந்தவரு பெரியப்பா ஒருத்தருதான். வூடு ஒட்டி ஒட்டி, கொல்லையும் ஒட்டி ஒட்டி, கெணறு பொது. பெரியப்பாவுக்கு புள்ள கெடையாது. அதனால எங்க அண்ணன் பொறந்த அன்னிக்கே பெரியப்பா பங்கு நாலு காணியும் அவனுக்குத்தான்னு எங்க வூட்ல முடிவாயிட்டுது. பெரியப்பாவ யாரும் கேக்கல. கேக்கறதுக்கு இன்னா இருக்குது, கொள்ளி வெக்கப் போறவன் அவன்தான.

அப்பதான் பெரியம்மாவோட தங்கச்சி காச்சல்ல செத்துப்போச்சி. ரெண்டு புள்ளைங்க. அதுங்க அப்பா வருசம் திரும்பறதுக்குள்ள வேற கண்ணாலம் பண்ணிக்கினாரு. பெரியம்மா ஒரு நாளு பொறப்பட்டுப் போயி ரெண்டையும் இட்டுக்கினு வந்துட்சி. பெருசு பொண்ணு, எனக்கு மூணு வயசு மூப்பு, நான் அக்கான்னு கூப்புடுவேன். சின்னது பையன். அஞ்சு வயசு இருக்கும். அவனுக்கு நல்ல பேரு ஒண்ணு இருந்துச்சி, ஆனா எல்லாரும் சின்னவன் சின்னவன்னே கூப்ட்டு, இன்னிக்கு அவனுக்கு பேரன் பொறந்தப்பறமும் ஊர்ல சின்னவன்தான்.

மொதல்ல எங்கம்மாவும் நல்லாத்தான் இருந்துச்சி. தாயில்லாத புள்ளைங்கன்னு எண்ணெ தேச்சி தலகூட வாரி வுடும். எல்லாம் பெரியப்பா தத்து எடுக்கப் போறேன்னு சொல்றவரைக்கும்.

தத்து எடுக்கறதுன்னா எங்கள்ல மஞ்சத்தண்ணி குடிக்க வெப்பாங்க. கோயில் வாசல்ல ஊரு பெரியவங்க எல்லாம் ஒக்காந்து, ஒரு செம்புல மஞ்சளக் கரைச்சி, இன்னார் இனிமே இன்னார் புள்ளன்னு சொல்லி ஆளுக்கு ஒரு முழுங்கு. அக்கா குடிச்சிட்சி. சின்னவன் மூஞ்ச அஷ்ட கோணலா வெச்சிக்கினு குடிச்சான். எனக்குத் தாங்கல. எல்லாருக்கும் குடுக்கறாங்க, எனக்கு மட்டும் இல்லியேன்னு ஒரே அழுவ. பெரியப்பா சிரிச்சிக்கினே எனக்கும் ஒரு முழுங்கு ஊத்தினாரு. ஊரே சிரிக்குது. எங்கம்மா வந்து காதப் புடிச்சித் திருகி இழுத்துக்கினு போச்சி பாரு, இன்னிக்கு நெனச்சாலும் இந்தக் காது சுடுது.

பொறவு திண்டிவனத்துல போயி ரிஜிஸ்டரும் பண்ணிட்டு வந்துட்டாங்க. அன்னிலேந்து ரெண்டு வூட்டுக்கும் நடுவுல மோரு போவறதும் கொழம்பு வர்றதும் நின்னுட்டுது. எங்கேந்தோ வந்ததுங்க எம் புள்ள வாயில மண்ணப் போட்டுட்டு போவுதுங்கன்னு எங்கம்மா செவுத்தப் பாத்து பேசும், செவுத்துக்கு அந்தாண்ட பெரியம்மா காதுல வுழணும்னு. எங்கப்பா ஒண்ணியும் பேச மாட்டாரு. அதான் பேஜாரே. கத்தற ஆளா இருந்திருந்தா ஒரு நாளு தெருவுல நின்னு கத்தி, ரெண்டு பேரு வெலக்கிவுட்டு, அன்னிக்கே தீந்திருக்கும். அவரு எல்லாத்தையும் உள்ளயே போட்டு வெச்சிக்குவாரு. ஆனா எம்மேல அவருக்கு கொள்ள ஆச. திண்டிவனம் சந்தைக்குப் போனா பொரி உருண்ட வாங்கியாந்து, அண்ணனுக்குத் தெரியாம எங் கையில வெப்பாரு.

வெதப்பு வந்துது. பேச்சு இல்லன்னாலும் வெதப்புக்கு மட்டும் பெரியப்பா ஏரு எங்க கொல்லைக்கு வரும், எங்க ஏரு அவரு கொல்லைக்குப் போவும். மழ பேஞ்ச ஈரம் காயறதுக்குள்ள ஜல்தியா போட்டாவணுமே. அன்னிக்கு எங்க கொல்லை. பெரியப்பா ஏரு ஓட்டியாந்தாரு, அக்காவும் சின்னவனும் வெத போட வந்துச்சிங்க.

எப்பவும் வெதயப் பொரட்டறது எங்கம்மாதான். அன்னிக்கு எங்கப்பா நானே பண்றேன்னு ஒக்காந்துட்டாரு. வேப்பெண்ணெ வாட மூக்கப் பொளக்குது, அதுக்குள்ள இன்னொரு வாடயும் இருந்துச்சி. எனக்கு அது இன்னான்னு தெரியல. மூணு கூடையில ரொப்பி வெச்சிட்டு என்ன மட்டும் மாட்டுக்கொட்டாய்க்கு பின்னாடி இட்டுக்கினு போனாரு. குந்திக்கினு, எம் பாவாட நுனியப் புடிச்சி, சாம்பலு எண்ணெ எதுவும் படாம சுத்தமா ஒரு கை மல்லாட்ட, அதுமேல இத்தினிக்கூண்டு வெல்லம், எல்லாத்தையும் வெச்சி முடிஞ்சி இடுப்புல சொருவி வுட்டாரு.

"பசிச்சா இதத் துன்னு. கூடையில இருக்கறத வாயில வெக்காத. வெச்சன்னு தெரிஞ்சிது, கால ஒடிச்சிடுவேன். யாருக்கும் காட்டாத."

எனக்கு சந்தோசம் சொல்லி முடியாது. அப்பா என்ன தனியா இட்டுக்கினு போயி எனக்கு மட்டும் குடுத்துட்டாரே. கொல்லைக்குப் போற வழியெல்லாம் இடுப்பத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினே போனேன்.

பத்து மணி இருக்கும், நல்ல வெயிலு. நான் திரும்பி நின்னு ஒண்ணு ஒண்ணா எடுத்து துன்னுக்கினு இருக்கேன். சின்னவன் பாத்துட்டான். "எனக்கு ஒண்ணு குடுக்கா"ன்னான். நான் குடுக்கல. அப்பா காட்டாதன்னு சொன்னாரே, அதனாலன்னு ரொம்ப நாளு எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன். அது இல்ல. எனக்குன்னு ஒண்ணு கெடச்சிது, அதுல அவனுக்கு எதுக்கு பங்குன்னு குடுக்கல. அம்மா செவுத்துக்கிட்ட பேசினது எனக்குள்ளயும் எறங்கி இருந்துச்சி போல.

போடின்னு எனக்கு நாக்க நீட்டிக் காட்டிட்டு, அவன் கூடையிலேந்தே ஒரு கை அள்ளி, கால்சட்டையில தேச்சி வாயில போட்டுக்கினான். கசப்பு பாக்காம மென்னான். அக்கா ரெண்டு பருப்பு வாயில வெச்சிட்டு துப்பிட்சி, இன்னாடி இது இப்பிடி எரியுதுன்னு. அவனையும் துப்புடான்னுச்சி. அவன் முழுங்கிட்டான்.

இன்னும் ரெண்டு சாலு கூடப் போவல. வயித்தப் புடிச்சிக்கினு அப்பிடியே குந்திட்டான். வாயில எச்சி ஊத்துது, கண்ணு ஒரு மாதிரி ஆயிட்டுது, ஒடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. பெரியப்பா ஏர அப்பிடியே போட்டுட்டு ஓடியாந்து தூக்கினாரு. பெரியம்மா எங்கேந்து வந்துச்சோ, இதத் துன்னுட்டுதான் இப்பிடி ஆச்சின்னு அவன் கூடையத் தூக்கிக்கினு பின்னாடியே ஓடுது. ரோட்ல ஒரு லாரிய மறிச்சி திண்டிவனம் ஆஸ்பத்திரி, அங்கேந்து பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரி. அது வரைக்கும் பெரியம்மா கையவுட்டு அந்தக் கூட எறங்கலயாம்.

பதினோரு நாளு கழிச்சி கண்ணத் தொறந்து பாத்தான். இன்னிக்கும் ஒரு கை லேசா நடுங்கும், அவனுக்கு டீ குடுத்தா கிளாஸ்ல முக்காதான் ஊத்தணும். என் பொண்ணுக்கு காது குத்தறப்ப தாய்மாமன் மடின்னு அந்தக் கையாலதான் இறுக்கிப் புடிச்சிக்கினான். போன பொங்கலுக்கும் மொத வரிச அவன் வூட்லேந்துதான் வந்துது. இத எதுக்கு இப்ப சொல்றேன்னா, புள்ள பொழச்சானா இல்லியான்னு நீங்க தவிச்சிக்கினு ஒக்காந்து இருப்பீங்களேன்னு.

அந்தக் கூடையில பூச்சி மருந்து இருக்குதுன்னு ஆஸ்பத்திரில கண்டுபுடிச்சிட்டாங்க. போலீஸ் வந்து மிச்ச ரெண்டு கூடயயும் எடுத்துக்கினு எங்கப்பாவ இட்டுக்கினு போயிட்சி. மூணு கூடையிலயும் அதே மருந்து இருந்துச்சி, என்னோடதுலயும். அதுதான் எங்கப்பா பக்கத்துக்கு பெரிய பலம். எறும்புக்கு மருந்து கலந்தேன், துன்னாதீங்கன்னு மூணு பேருக்கும் சொன்னேன், அந்தப் பையன் கேக்கல, வெஷம் வெக்கறவன் சொந்தப் பொண்ணு கையிலயா அதே கூடயக் குடுப்பான்னு அவரு சொன்னாருன்னு வக்கீல் சொன்னாரு. ஊரும் அதத்தான் சொல்லிச்சி.

அக்கா மட்டும் இல்லன்னுச்சி. எங்களுக்கு யாரும் சொல்லல, அவ மட்டும் மடியிலேந்து எடுத்து துன்னா, நான் பாத்தேன்னு இன்ஸ்பெக்டரு கிட்ட சொல்லியிருக்குது. தத்து வந்ததுக்கு நெலத்து மேல எம்மாம் ஆச பாரு, பாத்தாப்புல கத கட்டுதுன்னு எல்லாரும் பேசினாங்க. எங்கம்மா என்ன நிக்க வெச்சி கேட்டுச்சி, மடியில எதுனா வெச்சிருந்தியாடின்னு. இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணேன். அப்பா யாருக்கும் காட்டாதன்னு சொல்லியிருக்காரு, நான் காட்டுவேனா. எங்கம்மா அத நம்பிட்சி. அது எங்கப்பாவ முழுசா நம்பிச்சி, அத நான் பின்னாடிதான் தெரிஞ்சிக்கினேன்.

அடுத்த வெதப்பு வர்ற வரைக்கும் கேசு கோர்ட்டுக்கு வரல, அப்பா ஜெயில்லயே இருந்தாரு. நான் அவரப் பாக்கவே இல்ல. சாப்பாடு எறங்காது, தெருவுல யாரு அப்பாவோட போனாலும் நின்னு பாப்பேன். ஒரு நாளு எங்கம்மா சொல்லுச்சி, விழுப்புரம் கோர்ட்டுல நீ சாட்சி சொல்லணும், ஒழுங்கா சொன்னா அன்னிக்கே அப்பா நம்ம கூட வூட்டுக்கு வந்துடுவாருன்னு. தெனமும் தலவாரும்போது பாடம். நானும் கூடையிலேந்து துன்னேன், எனக்கும் வாந்தி வந்துச்சி. இம்மாந்தான். பள்ளிக்கூடத்துல மூணு மாசம் ஒக்காந்தும் ஒரு எழுத்து ஏறாத மண்டை இது, அது மட்டும் பச்சக்குன்னு ஒட்டிக்கிச்சி. தூக்கத்துல கூட சொல்லுவேன்.

விழுப்புரம் போனது எனக்குத் திருவிழாதான். புதுப் பாவாட, நீலக் கலரு. கோர்ட்டுக்கு எதிர்ல ஓட்டல்ல வக்கீலு பூரி வாங்கிக் குடுத்தாரு. அதுக்கு முன்னாடி நான் பூரியப் பாத்ததே கெடையாது. உப்பிக்கினு இருக்குது, குத்தினா காத்து வருது. ஒண்ண அப்பாவுக்குன்னு எடுத்து வெச்சிக்கினேன், எண்ணெ ஊறி பாவாடயெல்லாம் ஆயிட்டுது, எங்கம்மா புடுங்கித் தூக்கிப் போட்டுட்சி.

தாழ்வாரத்துல அந்தக் கோடியில பெரியம்மாவும் அக்காவும் நின்னுக்கினு இருந்தாங்க. எம் பாவாடய அக்கா பாக்கணும்னு நான் ரெண்டு தபா அந்தப் பக்கம் நடந்தேன். அக்கா தலய நிமித்தல.

அப்பாவ ரெண்டு போலீசு நடுவுல இட்டுக்கினு வந்தாங்க. பாதியா போயிட்டாரு. மீசைய எடுத்துட்டாங்களோ இன்னாவோ, மூஞ்சி யாரோ மாதிரி இருந்துச்சி. என்னப் பாத்துட்டு தலய ஆட்டினாரு. அப்பதான் அது அப்பான்னு நம்பினேன்.

என்ன சாட்சிக் கூண்டுல ஏத்தி நிக்க வெச்சாங்க. கட்டை எங் கண்ணுக்கு நேரா இருக்குது, ஒரு முக்காலி கொண்டாந்து போட்டாங்க. ஜட்ஜய்யா நல்ல மாதிரி. பொய் சொன்னா இன்னா ஆவும்னு கேட்டாரு. எங்கம்மா சூடு வெக்கும்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. எங்க வக்கீலு கேட்டாரு, நான் பாடத்த ஒப்பிச்சேன். ஒரு எழுத்து தப்பல. வக்கீலு எங்கம்மாவப் பாத்து தலயாட்டினாரு. அவ்ளோதான், இனிமே அப்பாவ இட்டுக்கினு வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்னு நான் எறங்கவே பாத்தேன்.

சர்க்காரு வக்கீலு எழுந்தாரு. வயசான ஆளு, ஒடம்பே இல்ல, குரலு மட்டும் தாலாட்டற மாதிரி. அன்னிக்கு கொல்லைக்குப் போவறப்ப சாப்ட்டியா பாப்பான்னு கேட்டாரு. இல்லன்னேன். அய்யோ பாவம்னாரு. அந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் கேப்பக் கூழு ஊத்தித்தான் அனுப்பிச்சாங்களாம், உனக்கு ஒண்ணும் இல்லியான்னாரு. கிட்ட வந்தாரு.

"அதுங்க தத்து வந்த புள்ளைங்க. அதுங்களுக்கே வயிறு பாத்து அனுப்பியிருக்காங்க. நீ சொந்தப் புள்ள. உன்னப் பட்டினியா அனுப்பி, அந்த மருந்துக் கூடயயும் உங் கையிலயே குடுத்திருக்காரு. உங்கப்பாவுக்கு உம்மேல ஆசையே கெடையாதா பாப்பா?"

எனக்கு வந்துச்சி பாரு ஆத்தரம். அக்கா வேற வாசப்படியாண்ட கேட்டுக்கினு நிக்குது. அக்கா முன்னாடி எப்பிடி அந்த ஆளு அந்த மாதிரி சொல்லலாம்?

"எங்கப்பாவுக்கு எம்மேலதான் ஆச. எனக்கு மட்டும் தனியா மல்லாட்ட முடிஞ்சி குடுத்தாரு. வெல்லம் வெச்சி."

ஜட்ஜய்யா பேனாவ வெச்சிட்டு, எதுக்கும்மா தனியான்னு கேட்டாரு. இது கூடத் தெரியலியேன்னு நெனச்சிக்கினு, கூடையில இருக்கறத நான் துன்னுடக் கூடாதுன்னுதான்னு சொன்னேன்.

எங்க வக்கீலு குதிச்சி எழுந்துட்டாரு. கொழந்த பயந்துபோச்சி, யாரோ சொல்லிக் குடுத்து வுட்டிருக்காங்க, இது பொய்யின்னு கத்தறாரு. எங்கிட்ட வந்து குனிஞ்சி, நல்லா ரோசன பண்ணி சொல்லு, நீ இப்ப சொன்னது பொய்தானன்னு கேட்டாரு. பூரி வாங்கிக் குடுத்த ஆளு மூஞ்சியே மாறிப்போச்சி. எனக்கு அழுவ வருது.

அப்ப எங்கப்பா கூண்டுலேந்து கைய ஒசத்தினாரு. ஒரு வருசமா எல்லாத்தையும் வக்கீலு வாயாலயே பேசின மனுசன்.

"வுட்டுடுங்க சார் கொழந்தய. எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா."

அத எழுதிக்கினாங்க. எனக்கு மெத்த வூட்டு மாடில ஏறி நிக்கற மாதிரி இருந்துச்சி. அத்தினி பேரு முன்னாடி அப்பாவே சொல்லிட்டாரு. நான் ஜெயிச்ச மாதிரி அக்காவப் பாத்தேன். அக்கா மொந்தானய வாயில வெச்சிக்கினு அழுதுக்கினு இருந்துச்சி. பொறாமன்னு நெனச்சேன்.

தீர்ப்பு வேற ஒரு நாளு சொன்னாங்க. அப்பா வர்றதுக்கு எட்டு வருசம் ஆச்சி. அதுக்குள்ள எங்கம்மா கைக்குக் கெடச்ச கூலிக்கெல்லாம் போயி ஒடம்பு ஒடஞ்சி படுத்துட்சி, பெரியம்மா வந்து எங் கையப் புடிச்சி, நீயும்தான் மஞ்சத்தண்ணி குடிச்சவ, வாடின்னு இட்டுக்கினு போச்சி. அக்கா பக்கத்துல பாய் போட்டுப் படுத்து, சின்னவனோட சண்ட போட்டு, அந்த நாலு காணி நெலத்து சோத்தத் துன்னுதான் நான் பெரியவளானேன். அப்பா திரும்பி வந்தப்பறம் அன்னிக்கு ஏன் அப்பிடி சொன்னீங்கன்னு நான் கேக்கல. அவரும் ஏன்டி சொன்னேன்னு என்ன ஒரு நாளும் கேக்கல.

அதெல்லாம் பின்னாடி. அன்னிக்கு மத்தியானம் எங்கம்மா எங் கையப் புடிச்சி தரதரன்னு இழுத்துக்கினு பஸ் ஸ்டாண்டு வந்துட்சி. சூடு வெக்குமோன்னு பயமா இருந்துச்சி. அதுவும் வெக்கல. திண்டிவனம் பஸ்ல மூணு பேரு ஒக்கார்ற சீட்டு. அம்மா சன்னல் ஓரமா ஒக்காந்து வெளியவே பாத்துக்கினு இருக்குது. நான் நடுவுல. எம் பாவாடய நல்லா விரிச்சி அந்தக் கடைசி எடத்துலயும் போட்டு அடச்சிக்கினேன். கூடக்காரம்மா ஒண்ணு வந்து நவுந்துக்கம்மான்னுச்சி. எங்கப்பா வர்றாரு, எடம் இல்லன்னேன். அது முணுமுணுத்துக்கினு நின்னுக்கினே வந்துச்சி. கண்டக்டரு வந்தாரு. அவருகிட்டயும் சொன்னேன், எங்கப்பா இன்னும் ஏறலன்னு. அவரு எங்கம்மாவப் பாத்தாரு. எங்கம்மா திரும்பவே இல்ல. அந்த மனுசன் இன்னா நெனச்சாரோ, ரெண்டு டிக்கெட்டு கிழிச்சிக் குடுத்துட்டு, அந்த எடத்துல யாரையும் ஒக்கார வுடாம கம்பியப் புடிச்சிக்கினு அங்கயே நின்னாரு.

பஸ்ஸு கெளம்பிட்சி. விக்கிரவாண்டில நின்னுது, எட்டிப் பாத்தேன். கூட்டேரிப்பட்டுல நின்னுது, எழுந்து நின்னு பாத்தேன். அம்மா சொன்ன பாடத்தையும் சொல்லியாச்சி, அவங்க கேட்டதுக்கு நெசத்தையும் சொல்லியாச்சி, அப்பாவே எழுந்து எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டான்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் இன்னா பண்ணணும், அப்பா ஏன் இன்னும் ஏறலன்னு எனக்குப் புரியவே இல்ல.